தொகுக்கும் உரிமையும் சான்றின் அதிகாரமும்

விக்கிப்பீடியாவில் எவரும் எழுதலாம் என்பது பாதி உண்மை. 2001இல் ஆங்கிலத்தில் தொடங்கி, 2003இல் தமிழுக்கு வந்த அக்கலைக்களஞ்சியத்தின் 'தொகு' பொத்தான் எவருடைய சாதியையும் கேட்பதில்லை. ஆனால், எழுதியது நிலைத்து நிற்பதற்கு வெளியிடப்பட்ட, நம்பகமான, மூன்றாம் தரப்புச் சான்று வேண்டும். நாம் நேரில் அறிந்தது அங்கே செல்லாது.

இவ்விதியை நாம் எளிதில் பழித்துவிட முடியாது. அது இல்லையேல், சாதிச் சங்கங்கள் தமக்கென்று புனைந்துகொண்ட அரச பரம்பரைகளே அப்பக்கங்களை நிறைத்திருக்கும். ஆங்கில விக்கிப்பீடியாவில் சாதி குறித்த பல கட்டுரைகளைத் தொடுவதற்கே 30 நாள் பழைய கணக்கும் 500 தொகுப்புகளும் தேவைப்படுவது இப்பூசலின் விளைவுதான்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. விக்கிப்பீடியா சொல்லும் நடுநிலை, இரு தரப்புக்கும் சமஇடம் தருவதன்று. வெளியான சான்றுகளில் எக்கருத்துக்கு எவ்வளவு கனமோ அவ்வளவு இடம் தருவது. அச்சுலகமே சாய்ந்திருந்தால் நடுநிலையும் அதனோடு சாயும். கீழ்வெண்மணியை எண்ணிப் பார்ப்போம். 1968 டிசம்பர் 25 அன்று ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். செல்வந்தர்களான நிலவுடைமையாளர்கள் தாமே நேரில் சென்று தீ வைத்திருப்பார்கள் என நம்ப உயர் நீதிமன்றம் தயங்கியது, அவர்களை விடுவித்தது. அத்தீர்ப்பு மேற்கோள் காட்டத்தக்க ஆவணம். உயிர் தப்பியவரின் சொல்லோ, யாரேனும் பதிவுசெய்து வெளியிடும்வரை, விக்கியின் கண்ணில் வெறும் செவிவழிச் செய்தி. 'மோதலா', 'படுகொலையா' என்னும் சொற்போரும் இச்சமமின்மையின்மீதுதான் நடக்கிறது.

இதற்குக் கூட்டமாகச் சென்று திருத்துவது விடையாகாது. 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் பிறர் தொகுப்பை மூன்று முறைக்கு மேல் மீட்டால் ஆங்கில விக்கிப்பீடியாவில் கணக்கு தடைபடலாம். அங்கே எண்ணிக்கைக்கு மதிப்பில்லை; உரையாடல் பக்கத்தில் சான்றுடன் வைக்கும் வாதத்துக்கே மதிப்பு. பக்க வரலாற்றையும் மாணவர்கள் படிக்கப் பழக வேண்டும். 'படுகொலை' என்ற சொல்லை எக்கணக்கு, எந்நாளில், என்ன காரணம் கூறி நீக்கியது என்பது பொதுவாக அங்கே அழியாமல் கிடக்கும். நாளிதழ் அலுவலகம் எதுவும் தன் கத்தரிப்புகளை இப்படி வெளியே வைப்பதில்லை.

2015இல் தொடங்கிய தலித் வரலாற்று மாதம் விக்கிப்பீடியாவில் எழுதுவதையும் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டது. அப்பணி பரவ, மேற்கோளுக்குரிய நூல்கள் முதலில் வேண்டும். இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழை 1893இலும், அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழை 1907இலும் தொடங்கினர். இருவரும் மறைந்து 60 ஆண்டுகள் கடந்துவிட்டதால் அவர்களின் எழுத்துகள் இன்று பதிப்புரிமைக்கு அப்பாற்பட்டவை, விக்கிமூலத்தில் ஏற்றலாம். நம் உண்மை அறியும் குழுக்களின் அறிக்கைகளோ பெரும்பாலும் வாட்சப்பில் சுற்றும் கோப்புகளாகவே முடிந்துவிடுகின்றன. ஆசிரியர் பெயர், வெளியீட்டாளர், நாள், பக்க எண் ஆகியவற்றுடன் அவை நூலாகி, நூலகங்களில் இடம்பெற வேண்டும். தேடுபொறிகளும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளும் விக்கிப்பீடியாவைத் தின்று வளரும் இக்காலத்தில், இன்று அங்கே விடுபடுவது நாளை அவற்றின் விடைகளிலும் விடுபடும்.