வாசலில் நின்றால் தடியடி, உள்ளே வந்தால் "பயங்கரவாதி"!

"படிக்கிற பிள்ளைகளுக்குச் சட்டசபையில் என்ன வேலை?"

பிலிப்பைன்ஸ் நாட்டில் ஒவ்வொரு தேர்தலிலும் எழும் கேள்வி இது. கேட்பவர்கள் யார்? அப்பன் உட்கார்ந்த ஸ்தானத்தில் மகனும், மகன் எழுந்தால் மருமகளும் உட்காரும் பெரிய குடும்பத்துக் கனவான்களும் அவர்களுடைய அடிவருடிகளும்தான்! பரம்பரை ஆட்சியைத் தடுக்க வேண்டும் என்று அந்த நாட்டின் 1987-ம் வருட அரசியல் சட்டமே சொல்கிறது. தடுப்பதற்கான சட்டத்தைச் சட்டசபை இயற்ற வேண்டும். 2025 தேர்தல் வந்து போகும் வரை 38 வருஷங்களாக இயற்றவில்லை. எப்படி இயற்றும்? உட்கார்ந்த கிளையைத் தானே வெட்டிக்கொள்வார்களா?

தோழர்களே, மாணவர்கள் ஒரு காலத்தில் அந்தச் சட்டசபையின் வெளியேதான் நின்றார்கள். 1970 ஜனவரி 26-ம் தேதி, ஜனாதிபதி மார்க்கோஸ் உள்ளே பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, ஆயிரக்கணக்கான மாணவர்களும் தொழிலாளர்களும் வாசலில் கூடினார்கள். போலீஸ் தடியால் பதில் சொல்லிற்று. நான்கே நாளில், ஜனவரி 30 இரவு, ஜனாதிபதி மாளிகை அருகே துப்பாக்கி பேசிற்று. நான்கு மாணவர்கள் மாண்டார்கள். 1972-ல் மார்க்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்து அந்தச் சட்டசபைக்கே பூட்டுப் போட்டான். அவன் மகன் 2022-ல் ஜனாதிபதியானான் என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறோம்.

1986-ல் மக்கள் மார்க்கோஸை விரட்டினார்கள். மறு வருஷம் வந்த அரசியல் சட்டம் ஓர் ஏற்பாடு செய்தது: சட்டசபையில் ஐந்தில் ஒரு பங்கு ஸ்தானங்கள் கட்சிப் பட்டியல் முறையில் நிரப்பப்படும். தொழிலாளி, விவசாயி, நகர்ப்புற ஏழை, பெண்கள், வாலிபர்கள் ஆகியோர் தங்கள் அமைப்பின் பெயரில் நாடு முழுவதும் ஓட்டுக் கேட்கலாம். ஓர் அமைப்புக்கு அதிகபட்சம் மூன்று ஸ்தானம். நல்ல ஏற்பாடுதானே?

அந்தக் கதவு வழியாக யார் நுழைந்தார்கள் என்று பாருங்கள். 2010-ல் ஜனாதிபதி பதவிக்காலம் முடிந்த குளோரியா அரோயோ அம்மையார் சட்டசபைக்குப் போக ஆசைப்பட்டார். பம்பங்கா மாகாணத்தில் மகன் மிக்கி அரோயோ வகித்த ஸ்தானம் தாய்க்கு விடப்பட்டது. மகன் என்ன ஆனார்? அவரும் சட்டசபைக்குத்தான் போனார், காவல்காரர்கள், மூன்று சக்கர வண்டிக்காரர்கள் ஆகியோரின் பிரதிநிதியாக! ராத்திரி முழுக்க முதலாளியின் வாசலில் விசிலும் கையுமாக நிற்கிறவனுக்குப் பிரதிநிதி, ஜனாதிபதியின் மகன்! பாலுக்குப் பூனை காவல் என்று கேட்டிருக்கிறோம். இங்கே காவல்காரனுக்கே பூனை காவல். 2013-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு தீர்ப்புச் சொல்லிற்று: கட்சிப் பட்டியலில் நிற்கும் எல்லாக் கட்சிகளும் ஏழை எளியவர்களின் கட்சிகளாக இருக்க வேண்டியதில்லையாம். அப்புறம் கேட்பானேன்!

அதே கதவால் வந்த இன்னொருவரையும் நினைத்துப் பாருங்கள். தொழிற்சங்கத் தலைவர் கிறிஸ்பின் பெல்ட்ரான். உழைப்பாளர் கட்சியின் சட்டசபை உறுப்பினராக இருந்தபோதே, 2008 மே மாதம், வீட்டுக் கூரையின் ஒழுக்கை அடைக்க ஏறியவர் தவறி விழுந்து மாண்டார். மிக்கி அரோயோ எந்தக் கூரையில் ஏறினார்?

இந்த இடத்தில்தான் மாணவர்கள் வருகிறார்கள். 2001-ல் தொடங்கிய அவர்களுடைய கட்சி 2004-ல் நின்றது, ஸ்தானம் கிடைக்கவில்லை. பிறகு "கபாத்தான்", அதாவது வாலிபர், என்ற பெயரில் 2007-ல் நின்றது. கோர்ட்டுத் தீர்ப்புக்குப் பின் 2009-ல்தான் முதல் ஸ்தானம் கிடைத்தது. மாணவர் தலைவராக இருந்த ரேமண்ட் பலாத்தினோ உள்ளே போனார். பின்னர் டெர்ரி ரிடோன், சாரா எலாகோ, ரவுல் மனுவேல், 2025-ல் ரெனே கோ. 300-க்கு மேற்பட்ட உறுப்பினர் கொண்ட சபையில் எப்போதும் ஒரே ஒரு ஸ்தானம். "மீசை முளைக்காத பயல்கள்" என்று ஏளனம் செய்கிறவர்கள் தங்கள் சட்டத்தையே படித்ததில்லை போலும்: 25 வயதுக்குக் குறைந்தவர் அபேட்சகராக நிற்கவே முடியாது, வாலிபர் பிரதிநிதிக்கு 30 என்று உச்ச வரம்பும் உண்டு.

"ஒரே ஆள் என்ன கிழிக்க முடியும்?" இதை நம்மவர்களும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2013 மார்ச்சில் மணிலாவில் சர்க்கார் சர்வகலாசாலை மாணவி ஒருத்தி, வயது 16, கட்டணம் கட்ட வழியில்லாமல் விடுப்பில் போகும்படி செய்யப்பட்டாள். அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். மாணவர் உலகம் கொதித்தெழுந்தது. ஆண்டுக்கணக்காக வகுப்பைப் புறக்கணித்தும் ஊர்வலம் போயும் கேட்ட கோரிக்கை 2017 ஆகஸ்டில் சட்டமாயிற்று: சர்க்கார் சர்வகலாசாலைகளில் கல்விக் கட்டணம் ரத்து! ஜனாதிபதி துதர்தேயின் பொருளாதார ஆலோசகர்கள் பணமில்லை என்று கடைசி நிமிஷம் வரை கையை விரித்தார்கள். ஒரு ஸ்தானம் தனியாக இதைச் சாதித்தது என்று நாம் சொல்ல மாட்டோம். தெருவில் கேட்ட குரல் சபைக்குள்ளும் கேட்டது. அதனால் கதவைச் சாத்திக்கொண்டு பேரம் பேசுவது அவர்களுக்குக் கஷ்டமாயிற்று.

ஒரே ஸ்தானம் அற்பமானதென்றால் அதைக் கண்டு ஏன் இந்த நடுக்கம்? 2018 டிசம்பரில் துதர்தே கம்யூனிஸ்டுகளை ஒழிக்கவென்று தனிப்படை அமைத்தார். அந்தப் படை மாணவர் கட்சியின் பதிவை ரத்து செய்யும்படி தேர்தல் கமிஷனிடம் மனுப் போட்டது. மாணவர்களுக்குப் பயங்கரவாதிப் பட்டம் கட்டிற்று. அப்படி முத்திரை குத்துவது உயிருக்கும் சுதந்திரத்துக்கும் ஆபத்து என்று சுப்ரீம் கோர்ட்டே 2024-ல் சொல்ல வேண்டி வந்தது.

மாணவர் கட்சிக்குப் போட்டியாக "துதர்தே வாலிபர்" என்றொரு கட்சியும் முளைத்தது. சர்க்காரின் வாலிபர் கமிஷன் தலைவராக இருந்து, போராடும் மாணவர்களின் உபகாரச் சம்பளத்தைப் பறிக்கச் சொன்ன ரொனால்ட் கார்டெமா, 2019 தேர்தலுக்கு முதல் நாள் அந்தக் கட்சியின் அபேட்சகராக மனுக் கொடுத்தார். வயதோ 30-ஐத் தாண்டிவிட்டது! தேர்தல் கமிஷன் அவரை நீக்கிற்று. மனைவி அந்த ஸ்தானத்தில் உட்கார்ந்தார்.

இந்த நடுக்கம் புதிதல்ல. 1946-ல் மத்திய லூசோன் குத்தகை விவசாயிகள், ஜப்பானியரை எதிர்த்துத் துப்பாக்கி ஏந்திய லூயிஸ் தாருக் உள்ளிட்ட ஆறு பேரை ஜனநாயகக் கூட்டணியின் சார்பில் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். தேர்தலில் பயமுறுத்தல் நடந்ததாகச் சாக்குச் சொல்லி ஆறு பேரையும் உட்காரவிடாமல் தடுத்தார்கள். நாட்டின் நிலமும் சுரங்கமும் காடும் அமெரிக்க முதலாளிகளுக்குச் சம உரிமையாகும்படி அரசியல் சட்டத்தைத் திருத்த நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டியிருந்தது. அந்த ஆறு பேர் உள்ளே இருந்தால் கணக்கு இடிக்கும். ஆறு விவசாயப் பிரதிநிதிகளுக்குப் பயந்தவர்கள் ஒரு மாணவிக்கும் பயப்படுகிறார்கள்.

ஆனால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. 2025 மே தேர்தலில் மாணவர் கட்சி பழையபடி ஒரு ஸ்தானத்தோடுதான் நின்றது. அதன் தோழமைக் கட்சிகள் செனட்டுக்கு நிறுத்திய ஒருவரும் ஜெயிக்கவில்லை. "துதர்தே வாலிபர்" கட்சிக்கோ 23 லட்சத்துக்கு மேல் ஓட்டு, இரண்டாவது இடம்! பிறகு தேர்தல் கமிஷன் அந்தக் கட்சியின் பதிவையே ரத்து செய்தது. பதிவு போயிற்று, ஓட்டுப் போட்டவர்கள் எங்கும் போய்விடவில்லை. அவர்களிலும் சம்பளம் போதாத தொழிலாளி இருப்பான், குத்தகை கட்ட முடியாத விவசாயியின் மகன் இருப்பான். அவனுடைய வீட்டுத் திண்ணைக்கு மாணவர்கள் இனிமேல்தான் போயாக வேண்டும்.