கனியும் புழுவும் தண்ணீரும்

நமது தேசத்தின் பெருமைகளை எடுத்துரைக்கப் புகுவோர் மாம்பழத்தை மறப்பதில்லை. அத்தகைய கனியை அயல் தேசத்தார் வாசலிலேயே தடுத்து நிறுத்தினால் நமக்கு ரோஷம் உண்டாவது இயற்கையே. 2014-ம் வருஷம் மே மாதம் முதல் தேதி ஐரோப்பிய யூனியன் அவ்விதமே செய்தது. நம் மாம்பழத்துக்கும், அதனுடன் கத்தரிக்காய், பாகற்காய், புடலங்காய், சேம்பு இலை ஆகிய நான்குக்கும் அங்கே கதவு அடைக்கப்பட்டது. முந்திய வருஷத்தில் இந்தியாவிலிருந்து சென்ற காய்கனிச் சரக்குகளுள் 207 தொகுதிகளில் பழ ஈ முதலிய பூச்சிகள் காணப்பட்டன என்பதே அவர்கள் கூறிய காரணம்.

இது வெறும் வியாபாரச் சூழ்ச்சி என்று சொன்னவர்களும் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. அழையாத விருந்தாகப் புகுந்த பூச்சி என்ன பாடு படுத்தும் என்பதைக் கோயம்புத்தூர்க் குடியானவர்கள் நன்கு அறிவார்கள். மெக்ஸிகோ பக்கத்திலிருந்து கிளம்பிய பப்பாளி மாவுப்பூச்சி 2008-ம் வருஷம் அங்கே தலைகாட்டிற்று. பப்பாளியோடு திருப்தி அடையாமல் மல்பெரியையும் மரவள்ளியையும் பற்றிக்கொண்டது. தெளித்த மருந்துக்கெல்லாம் அது மசியவில்லை. 2010-ம் வருஷம் அதன் இயற்கைப் பகையாகிய சிறு குளவிகளைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவித்துத் தோட்டங்களில் விட்ட பிறகே அதன் கொட்டம் அடங்கிற்று. நம் வீட்டில் அந்நியப் பூச்சி நுழைந்தால் வருந்துகிற நாம், பிறர் தம் வீட்டைக் காத்துக்கொள்வதைக் குறை கூறுவது நியாயமாகுமா?

ஆகவே ரோஷத்தைச் சற்றே ஒதுக்கிவிட்டுப் பழ ஈயின் வாழ்க்கையை நோக்குவோம். பெண் ஈயானது முதிர்ந்த காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. வெளியே தெரிவது ஊசி முனையளவு புள்ளிதான். முட்டையிலிருந்து வெளிவரும் புழுக்கள் சதையைத் தின்னத் தின்னப் பழம் அழுகி உதிர்கிறது. புழு பழத்தை விட்டு மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாக உறங்கி, பின்பு சிறகு முளைத்த ஈயாய் எழுகிறது. மரத்தடியில் பொறுக்காமல் விட்ட பழம் எதுவோ, அதுவே அடுத்த படையெடுப்புக்குப் பாசறை!

இதற்குரிய பரிகாரங்கள் பெருஞ் செலவு பிடிப்பவை அல்ல. உதிர்ந்த பழங்களை நாள்தோறும் பொறுக்கி அழிக்கவேண்டும். மரத்தடி மண்ணைக் கிளறிவிட்டால் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். மெதில் யூஜினால் என்னும் வாசனைப் பொருள் வைத்த பொறிகளைக் கிளைகளில் தொங்கவிட்டால் ஆண் ஈக்கள் மயங்கி வந்து அகப்படும்.

இத்தனைக்கும் தப்பிய முட்டையையும் புழுவையும் கொல்லவே வெந்நீர்ச் சிகிச்சை ஏற்பட்டது. ஐரோப்பாவுக்குச் செல்லும் மாம்பழத்தை 48 டிகிரி சென்டிகிரேடு சூடுள்ள நீரில் 60 நிமிஷம் அமிழ்த்துகிறார்கள். 1986-ம் வருஷம் நம் மாம்பழத்தைத் தடுத்த ஜப்பான், 2006-ல் மீண்டும் இடங்கொடுத்தபோது, 47.5 டிகிரி நீராவியில் 20 நிமிஷம் வைக்கவேண்டும் என்று நிபந்தனை விதித்தது. ஐரோப்பாவுக்கான ஏற்பாடுகளும் சீர்பட்ட பின், 2015-ம் வருஷத் தொடக்கத்தில் மாம்பழத்தின் மீதிருந்த தடை நீங்கிற்று.

ஆனால் பூச்சியைக் கொல்லும் தண்ணீரே நஞ்சாவதும் உண்டு. 1999-ம் வருஷத்தின் கடைசியில் அமெரிக்காவில் 13 மாகாணங்களைச் சேர்ந்த 78 பேர் ஸால்மொனெல்லா என்னும் கிருமியால் நோயுற்றனர், இருவர் மாண்டனர். விசாரணை பிரேஸில் தேசத்து மாம்பழப் பண்ணை ஒன்றில் சென்று முடிந்தது. பழ ஈக்கு அஞ்சிப் பழங்களை வெந்நீரில் இட்டவர்கள், பின்பு சூடு தணியக் குளிர்ந்த நீரில் போட்டார்கள். சூடான பழம் ஆறும்போது அதனுள் இருக்கும் காற்று சுருங்கி, சுற்றிலும் உள்ள நீரை உள்ளே இழுக்கும். அந்த நீரின் அசுத்தமே பழத்துக்குள் புகுந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் முடிவு கட்டினர். புழுவுக்குப் பயந்தவர்கள் தண்ணீரை மறந்ததன் விளைவு இது.

தோப்பிலும் இதே கதைதான். காய்க்கும் மாமரம் பூக்குமுன் இரண்டு மூன்று மாதம் வறண்டு நிற்கவேண்டும். அச்சமயம் ஆசைப்பட்டு நீர் பாய்ச்சினால் தளிர் விடுமேயன்றிப் பூ விடாது. ஈரமும் நிழலும் நிறைந்த அடர்ந்த தோப்பில் தத்துப்பூச்சி பெருகிப் பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சிவிடும். பிஞ்சு பிடித்த பிறகு கொடுக்கும் நீரே பயன் தரும். அதையும் சொட்டு நீராக வேரடியில் மட்டும் விட்டால் களையும் குறையும், கிணறும் பிழைக்கும். மாங்கனியின் எடையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர். அதை விளைவிக்க மரம் குடித்ததோ பன்மடங்கு. கப்பலேறுவது தோட்டக்காரரின் பழமானாலும், அதனுள் இருப்பது ஊராரின் நிலத்தடி நீர். ஒருவர் ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழமாக்க, அடுத்தவர் கிணறு வற்றுமாயின், அந்தப் பழத்தின் விலையில் ஒரு பகுதியை அயலார் செலுத்துகிறார்கள் என்றே கொள்ளவேண்டும்.

கடைசியாக ஒரு விஷயம். அந்நியர் கேட்டதனால் நாம் பழகிய இச்சுத்தமும் சிக்கனமும் நம் குழந்தைகள் உண்ணும் பழத்துக்கு வேண்டாமா? புழு இல்லாத கனி கடல் தாண்டவும், சொத்தைக் கனி நம் கடைத்தெருவுக்கு வரவும் நேர்ந்தால் அதில் தேசப் பெருமை ஏது? சுதேசியம் என்பது நம் ஜனங்களுக்கும் முதல் தரத்தைக் கொடுப்பதில் அடங்கியிருக்கிறது.

இதில் வீட்டிலிருப்போருக்கும் பங்கு உண்டு. கொல்லையில் ஒரு மாமரமோ கொய்யாமரமோ உடைய குடும்பத்தார் புழுத்த பழத்தைக் குப்பையில் எறிந்துவிட்டு அத்துடன் தீர்ந்தது என்று எண்ணலாகாது. இரண்டடிக்குக் குறையாத குழியில் இட்டு, மண்ணை அழுத்தி மூடுவது நலம். ஒரு வீட்டுக் கொல்லையில் எழுந்த ஈ அடுத்த தோப்புக்குப் பறந்து செல்ல யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.