சுவரில் தொங்கும் புள்ளிக் கணக்கு

கோடை முகாம், மாலை நேர வகுப்பு, ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு வகுப்பு என்று பிள்ளைகள் கூட்டமாகச் சேரும் இடங்களில் பலவற்றில் இப்போது ஒரு சார்ட் தொங்குகிறது. ஒரு பக்கம் பெயர்கள், மறுபக்கம் கட்டங்கள். வரிசையில் நின்றால் ஒரு ஸ்டார், பக்கத்துப் பிள்ளையைத் தள்ளிவிட்டால் மைனஸ் இரண்டு, கடைசி நாளில் அதிகம் சேர்த்தவருக்குக் கோப்பை. இது வந்ததில் ஒரு நியாயம் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் குழந்தையை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 17ஆவது பிரிவில் தடை செய்தது. முகாம் நடத்துகிறவர்களும் காலத்தின் போக்கு தெரிந்து கையை இறக்கிக்கொண்டார்கள். ஆனால் பிரம்பு போன இடத்துக்கு வந்திருப்பது நமக்கு மிகப் பழக்கமான வேறொன்று. ஆசிரியர் வெளியே போனதும் லீடர் கரும்பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று எழுதி, கீழே பெயர்களை அடுக்கி, அடங்காதவர் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறிகளைக் கூட்டிக்கொண்டே போவாரே, அதேதான். இப்போது வண்ணத்தாளில் வருகிறது. புள்ளி கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நேரே கணக்கு எழுதி, அதை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுவதில்தான் ஆட்சேபம்.

புள்ளி முறைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் ஆராய்ச்சிகளைத் துணைக்கு அழைப்பார்கள். அழைக்கட்டும், ஆனால் அவற்றில் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஹாரியட் பாரிஷ், மூரியல் சாண்டர்ஸ், மான்ட்ரோஸ் வுல்ஃப் மூவரும் 1969இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பெயர் பெற்றது. 24 பிள்ளைகள் இருந்த ஒரு நான்காம் வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். அனுமதியில்லாமல் இடத்தை விட்டு எழுந்தாலோ பேசினாலோ அந்த அணிக்குக் கரும்பலகையில் ஒரு குறி விழும். குறைவான குறி வாங்கிய அணிக்கு வெற்றி. இரண்டு அணியும் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டாமல் இருந்தால் இரண்டுமே வென்றதாகக் கணக்கு. பரிசு என்றால் ஒரு வெற்றி அட்டை, சாப்பாட்டு வரிசையில் முதலிடம், நாள் முடிவில் கொஞ்சம் விருப்ப நேரம் போன்றவைதான். வகுப்பில் சத்தமும் எழுந்து திரிவதும் வெகுவாகக் குறைந்தன. பின்னர் 1980களில் ஷெப்பர்ட் கெல்லம் குழுவினர் பால்டிமோர் நகரப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் இதே விளையாட்டை நடத்தி, அவர்களை இளைஞர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தார்கள். சிறு வயதில் முரட்டுத்தனம் அதிகமாயிருந்த பையன்களிடையே, விளையாட்டில் சேர்ந்திருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் போதைப் பழக்கச் சிக்கல் குறைவாகவே இருந்தது. வகுப்பறையில் ஆடிய ஓர் ஆட்டத்துக்கு இது பெரிய பலன்தான்.

இங்கே நாம் எடுத்துக்கொண்டது எது, விட்டுவிட்டது எது? குறி விழுந்தது அணியின் பெயரில். இன்னார் செய்த தவறு இத்தனை என்று தனிக் கணக்கு தொங்கவில்லை. போட்டி ஓர் அளவோடு நடந்தது, அடுத்த அணியைத் தோற்கடித்தே ஆக வேண்டும் என்றில்லை. பால்டிமோரில் ஆட்டத்தின் நேரம் மெல்ல நீண்டது, பரிசு உடனடிப் பொருளிலிருந்து தள்ளிக் கிடைக்கும் சிறு சலுகையாக மாறியது, பிறகு ஆட்டம் தொடங்கிவிட்டது என்று முன்கூட்டிச் சொல்வதே நின்றுபோனது. அதாவது, பரிசை எப்படிக் குறைத்துக்கொண்டு போவது என்பதும் திட்டத்திலேயே இருந்தது. நாம் எடுத்துக்கொண்டதோ கரும்பலகையையும் குறியையும் மட்டும். 'அணி என்றால் மட்டும் நியாயமா, ஒருவன் செய்த சேட்டைக்கு எல்லோரும் ஏன் தண்டம் கட்ட வேண்டும்?' என்று கேட்கலாம். சரியான கேள்வி. 'உன்னாலதான்டா போச்சு' என்று பத்துப் பேர் ஒரு பையனைச் சூழ்ந்துகொள்வது சார்ட்டில் மைனஸ் வாங்குவதைவிடக் கொடுமையானது. 1969 ஆய்விலேயே இந்தச் சிக்கல் வந்தது. ஆட்டத்துக்கு வர மாட்டோம் என்று அடம்பிடித்த இரண்டு பிள்ளைகள் அணிக்குக் குறி மேல் குறி சேர்த்தார்கள். அவர்களை அணியிலிருந்து பிரித்த பிறகுதான் மற்றவர்களின் உழைப்புக்குப் பொருள் வந்தது. ஆகவே அணி முறையும் கண்ணை மூடிக்கொண்டு நடத்துவதற்கு உரியதல்ல. எப்போதும் இடறுகிற பிள்ளைக்கு அணியின் கோபம் மருந்தாகாது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் நேர் எதிர்த்திசையிலிருந்து வருகிறது: ஸ்டாரே லஞ்சம்தான், எந்த வடிவிலும் கூடாது என்பது. அமெரிக்க எழுத்தாளர் ஆல்ஃபி கோன் 1993இல் ஒரு புத்தகமே எழுதி இதை வாதாடினார். இதற்கும் ஆதாரம் இல்லாமலில்லை. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் ஸ்கெட்ச் பேனாவால் ஆசையாக வரைந்துகொண்டிருந்த குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொன்னார்கள். சான்றிதழ் கிடைத்தது. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் தாமாக வரையச் செலவிட்ட நேரம் மற்றவர்கள் செலவிட்டதில் ஏறக்குறையப் பாதிதான். சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கிய குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. எட்வர்ட் டெசி உள்ளிட்டோர் 1999இல் 128 ஆய்வுகளைத் தொகுத்தபோதும், ஆர்வமுள்ள வேலைக்கு முன்பே பேசிவைத்துப் பொருள் கொடுத்தால் ஆர்வம் தேய்கிறது என்றே கண்டார்கள். ஆனால் ஆர்வமே இல்லாத வேலையில் அந்தத் தேய்மானம் தென்படவில்லை. எனக்கு இந்த வேறுபாடுதான் முக்கியம். முகாமுக்குப் பிள்ளைகள் வருவதே வரைய, ஓட, பாட. அதற்குப் புள்ளி போடுவது வீண் வேலை மட்டுமல்ல, இருக்கிற ஆசையையும் கெடுக்கிற வேலை. வாசலில் செருப்பை ஒழுங்காக விடுவதற்கும் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பதற்கும் எந்தப் பிள்ளைக்கும் ஆசை பொங்குவதில்லை. அங்கே, எல்லோரும் செய்து முடித்தால் பத்து நிமிடம் கூடுதல் விளையாட்டு என்று வைத்தால் கெட்டுப்போக ஒன்றுமில்லை.

மைனஸ் பாயின்ட் விஷயத்தில்தான் எதிர்வாதம் வலுவானது. வில்லியம் பெல்ஹம் 1980இல் அமெரிக்காவில் தொடங்கிய கோடைச் சிகிச்சை முகாம்கள், கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும் உள்ள பிள்ளைகளுக்கானவை. அங்கே நாள் முழுக்கப் புள்ளி ஏறும், இறங்கும். பலனும் நன்றாகவே பதிவாகியிருக்கிறது. ஆனால் அங்கே சுமார் 12 பிள்ளைகள் கொண்ட ஒரு குழுவுக்குப் பயிற்சி பெற்ற நான்கைந்து பேர் இருப்பார்கள்; எதற்கு எத்தனை புள்ளி என்பது எழுதப்பட்டிருக்கும், பெற்றோருக்கும் தனிப் பயிற்சி உண்டு. ஐம்பது பிள்ளைகளோடு ஒரு மாஸ்டர் திண்டாடும் இடத்தில் மைனஸ் என்பது பெரும்பாலும் அவருடைய பொறுமை தீர்ந்த நேரத்தைத்தான் பதிவு செய்யும். தவறுக்கு ஒரு விலை வைத்துவிட்டால் வேறொன்றும் நடக்கும். இஸ்ரேலின் ஹைஃபா நகரக் குழந்தைகள் காப்பகங்களில், மாலையில் தாமதமாக வந்து குழந்தையை அழைத்துப்போகும் பெற்றோருக்குப் பத்து ஷெகல் அபராதம் விதித்துப் பார்த்தார்கள் உரி க்னீஸியும் ஆல்டோ ருஸ்டிகினியும். 2000இல் வெளியான அந்த ஆய்வில், தாமதம் குறைவதற்குப் பதிலாகக் கூடியது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. பெரியவர்களே இப்படி என்றால், 'ரெண்டு பாயின்ட்தானே, போகட்டும்' என்று கணக்குப் போட்டுத் தள்ளிவிடும் பத்து வயதுப் பையனைக் குறை சொல்ல முடியாது.

'எல்லாம் சரி, ஐம்பது பேரை வேறெப்படித்தான் அடக்குவது, நாளைக்கு வாழ்க்கையிலும் போட்டிதானே' என்பார்கள் நடத்துகிறவர்கள். வாழ்க்கையின் போட்டிக்கு ஆயத்தம் செய்ய நம் ஊரில் பரீட்சை போதாதா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அடக்குவது உண்மையான கஷ்டம், அதற்குக் கணக்கு உதவும். அந்தக் கணக்கு பெரியவரின் நோட்டில் இருக்க வேண்டும் என்பதே என் வாதம். எந்த நேரத்தில், எந்த இடத்தில் சண்டை வருகிறது என்று நான்கு நாள் குறித்துப் பார்த்தால், பதினொன்றரை மணிக்கு மேல்தான் எல்லாம் குலைகிறது, தண்ணீர்க் குழாயடியில்தான் தள்ளுமுள்ளு என்று தெரிந்துவிடலாம். அப்போது செய்ய வேண்டியது சிற்றுண்டியை அரை மணி முன்னால் நகர்த்துவதும் குழாயடிக்குப் பாதிப் பாதியாக அனுப்புவதும். சார்ட்டிலோ இதே தகவல், ஒரு பையனுக்கு மைனஸ் ஒன்பது என்று மட்டுமே வாசிக்கப்படும். மூன்றாம் நாளிலேயே அவன் கோப்பைக்கு வெளியே. மீதி நாட்களில் ஒழுங்காக இருந்து அவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை என்பது அவனுக்குத் தெரியும், மற்ற நாற்பத்தொன்பது பேருக்கும் தெரியும்.

பெற்றோர் பங்கும் இதில் உண்டு. மாலையில் பிள்ளையை அழைத்துப்போக வந்தவர்கள் முதலில் சார்ட்டைப் பார்க்கிறார்கள், அடுத்து பக்கத்துப் பெயரைப் பார்க்கிறார்கள். பணம் கட்டியவர்கள் எதையாவது காட்டச் சொல்வார்கள் என்று பயந்தே பல முகாம்கள் அதை மாட்டுகின்றன. சேர்க்கும்போது எத்தனை பிள்ளைக்கு எத்தனை பேர் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்கிற பெற்றோர் கூடினால், 'சிறந்த முகாம் மாணவர்' கோப்பைக்குச் செலவாகும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து நடத்துகிறவர் இன்னோர் உதவியாளரை வைத்துக்கொள்ள வேண்டி வரும். கடைசி நாள் மேடையில் ஒருவரை மட்டும் ஏற்றாமல், எல்லாப் பிள்ளைகளும் வரைந்ததைச் சுவரில் மாட்டலாம். சார்ட்டைக் கழற்றினால் இடமும் கிடைக்கும்.