விமானிகளின் 'ஹோம் பேஸ்': வீடு யாருடையது?

"நான்கு வாரம் பறக்க வேண்டும், அடுத்த நான்கு வாரம் வீட்டில் இருக்கலாம். சம்பளம் டாலரில். வரியை கம்பெனியே கட்டிவிடும். ஊர் மாற வேண்டாம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் மாற வேண்டாம்." விமானிகளுக்கு வரும் வெளிநாட்டு ஒப்பந்த வேலைகளின் சாரம் இதுதான். படித்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

பிரிஸ்பேனில் 45 வயது கேப்டன் ஒருவர் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரே நிறுவனத்தில் 15 வருடம். வீட்டுக் கடன் பாதி பாக்கி. மகள் பத்தாம் வகுப்பு. அவருக்கு இப்படி ஒரு அழைப்பு வருகிறது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கணவனும் மனைவியும் பேப்பர், பேனாவோடு உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள். ஒரு பக்கம் சம்பளம், இன்னொரு பக்கம் வீட்டில் இருக்கும் நாட்கள். பெரும்பாலும் கணக்கு இதோடு முடிந்துவிடும். பிரச்சனை தொடங்குவதும் இங்கேதான். அந்தத் தாளில் மூன்றாவதாக ஒரு கேள்வியும் இருந்திருக்க வேண்டும்: அந்த 'பேஸ்' யாருடையது?

பேஸ் என்றால் என்ன?

ஒரு விமானி வழக்கமாக எந்த ஊரில் டூட்டியைத் தொடங்கி எந்த ஊரில் முடிக்கிறாரோ அதுதான் அவருடைய பேஸ். பேஸுக்கு வெளியே ராத்திரி தங்கினால் ஹோட்டல் செலவு கம்பெனியுடையது. பேஸில் தங்குவது அவர் சொந்தப் பொறுப்பு.

'வீட்டிலிருந்தே வெளிநாட்டு வேலை' என்ற பெயரில் இரண்டு தனித்தனி சரக்குகள் விற்கப்படுகின்றன. முதலாவது நிஜமான ஹோம் பேஸ். வெளிநாட்டு நிறுவனம்தான், ஆனால் விமானி டூட்டி தொடங்குவது சொந்த ஊர் விமான நிலையத்தில். ஹாங்காங்கின் கேத்தே பசிபிக் பல வருடங்கள் லண்டன், சிட்னி, வான்கூவர் போன்ற ஊர்களில் இப்படி விமானிகளை வைத்திருந்தது. இரண்டாவது வகைக்கு 'கம்யூட்டிங்' ஒப்பந்தம் என்று பெயர். பேஸ் வெளிநாட்டில்தான் இருக்கும். மொத்தமாகச் சில வாரம் லீவும், ஊருக்குப் போய்வர டிக்கெட்டும் கிடைக்கும், அவ்வளவே. 2010-களில் சீன நிறுவனங்கள் வெளிநாட்டு கேப்டன்களுக்கு அதிகமாகக் கொடுத்தது இந்த வகையைத்தான். மாதம் 20,000 டாலருக்கு மேல் சம்பளம் என்பது அப்போது சாதாரணம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அப்பா சில வாரம் காணாமல் போவார், பிறகு சில வாரம் வீட்டிலேயே இருப்பார். ஆனால் சட்டத்தின் கண்ணில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

போகிறவர்கள் பேராசைக்காரர்களா?

இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பல விமானிகள் இந்த வேலைக்குப் போனது வேறு வழி இல்லாமல்தான். 1989-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த சம்பளத் தகராறில் உள்நாட்டு விமானிகள் 1,600-க்கும் மேற்பட்டவர்கள் ஒட்டுமொத்தமாக ராஜினாமா செய்தார்கள். அவர்களில் பலருக்கு உள்ளூரில் மறுபடி வேலை கிடைக்கவில்லை. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் மூட்டை கட்டினார்கள். 2001 செப்டம்பரில் அதே நாட்டின் ஆன்செட் நிறுவனம் மூழ்கியது. மறுபடியும் அதே கதை.

இன்னொரு கொடுமை சீனியாரிட்டி. ஆஸ்திரேலியா, அமெரிக்கா போன்ற நாடுகளின் பெரிய நிறுவனங்களில் ஒரு விமானியின் சம்பளம், ஓட்டும் விமானம், லீவு, கேப்டன் பதவி எல்லாம் பெரும்பாலும் அவர் சேர்ந்த தேதியை வைத்துத்தான். 20 வருட அனுபவமுள்ள கேப்டன் வேறு நிறுவனத்துக்குப் போனால் நேற்று சேர்ந்த பையனுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும். நேராக கேப்டன் நாற்காலியிலேயே உட்கார வைப்பது பெரும்பாலும் வெளிநாட்டு ஒப்பந்தம்தான். கம்பெனியை இழந்த ஐம்பது வயதுக்காரருக்கு அது வரம்.

ஆனால் இதே சீனியாரிட்டி திரும்பி வரும்போது வழி மறிக்கும். பிரிஸ்பேன் கேப்டன் இன்று விட்டுப் போகும் 15 வருடத்தை எந்த நிறுவனமும் திருப்பித் தராது. போவதற்கு டிக்கெட் உண்டு, வருவதற்குக் கிடையாது!

கொடுத்த கை எடுக்கும்

2020-ல் கொரோனா வந்தது. எல்லைகள் மூடப்பட்டன. சீனாவில் ஒப்பந்தத்தில் இருந்த வெளிநாட்டு விமானிகள் பலர் சம்பளமில்லாத லீவில் வைக்கப்பட்டார்கள், பிறகு ஒப்பந்தங்கள் புதுப்பிக்கப்படவில்லை. அவர்களை அழைத்து வந்தவை இடைத்தரகு ஏஜென்சிகள் என்பதால், பலருக்கு யாரிடம் போய்க் கேட்பது என்பதே குழப்பம்.

அவர்கள் கம்யூட்டிங் ஆட்கள், நிஜமான பேஸ் இருந்தவர்களாவது தப்பித்தார்களா? கேத்தே பசிபிக் 2020 அக்டோபரில் 5,900 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. அடுத்த வருடம் கனடா பேஸை மூடியது. அங்கே வீடு வாங்கி, பிள்ளைகளை வளர்த்து, 'இனி இங்கேதான்' என்று இருந்த குடும்பங்களுக்கு ஒரு நிர்வாக முடிவோடு எல்லாம் மாறிப்போனது.

வீடு விமானியுடையது, பேஸ் கம்பெனியுடையது. ஊர் பெயர் ஒன்றாக இருப்பதால் இந்த வித்தியாசம் மறந்துபோகிறது.

அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இங்கேதான் அந்த மூன்றாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது. நிஜமான பேஸ் இருப்பவருக்கு வேலை போகலாம், ஆனால் சண்டை போட ஒரு இடம் இருக்கும்.

2006 ஜனவரியில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை ஒரு முக்கியமான தீர்ப்பு சொன்னது (அப்போது அந்த நாட்டின் உச்ச நீதிமன்ற வேலையை அந்தச் சபைதான் பார்த்தது). வழக்குப் போட்டவர் ஒரு விமானி. அவரை வேலைக்கு வைத்திருந்தது கேத்தேயின் துணை நிறுவனமான, ஹாங்காங்கில் பதிவான கம்பெனி. ஆனால் அவருடைய பேஸ் ஹீத்ரோ. உலகம் முழுக்கப் பறக்கும் ஒருவர் 'எங்கே' வேலை செய்கிறார் என்று எப்படிச் சொல்வது? அவருடைய பேஸ் எதுவோ அங்கேதான் என்று எடுத்துக்கொள்வதே நியாயம் என்றார் ஹாஃப்மன் பிரபு. ஆகவே அநியாயமாக வேலையை விட்டு நீக்கினார்கள் என்ற புகாரை பிரிட்டன் தீர்ப்பாயத்திலேயே விசாரிக்கலாம் என்று முடிவானது.

ஐரோப்பிய யூனியனும் இதே பாதையில் போனது. விமானப் பணியாளரின் சமூகப் பாதுகாப்பு (ஓய்வூதியம், மருத்துவம் போன்றவை) அவர் பேஸ் இருக்கும் நாட்டின் சட்டப்படி என்று 2012-ல் விதி வந்தது. 2017 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், ரயன்ஏர் விமானங்களில் பெல்ஜியத்தின் ஷார்லுவா பேஸிலிருந்து பறந்த கேபின் பணியாளர்களின் வழக்கில், ஒப்பந்தத்தில் அயர்லாந்து நீதிமன்றம் என்று எழுதியிருந்தாலும் பணியாளர் வழக்கமாக வேலை செய்யும் இடத்தில் வழக்குப் போடலாம் என்றது. அந்த இடம் எது என்று கண்டுபிடிக்க பேஸ் ஒரு முக்கிய அடையாளம் என்றும் சொன்னது.

கம்யூட்டிங் ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு இதெல்லாம் பெரும்பாலும் கிடையாது. அவர் வழக்குப் போட விமானம் ஏறி, மொழி தெரியாத நாட்டுக்குப் போக வேண்டும். அதற்கு எத்தனை வருடம் ஆகும்? கேத்தே 2001 ஜூலையில் 49 விமானிகளை ஒரே நேரத்தில் நீக்கியது. அவர்களில் ஒரு பகுதியினர் ஹாங்காங்கில் போட்ட வழக்கில் கடைசித் தீர்ப்பு வந்தது 2012-ல்! நல்ல நீதிமன்றங்கள் உள்ள ஊரிலேயே இந்தக் கதி.

மேசைக்குத் திரும்பினால்...

"எந்த வேலைதான் நிரந்தரம்? ஆன்செட் உள்ளூர் கம்பெனிதானே, அது மூழ்கவில்லையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வீட்டுக் கடன் முடிந்து, பிள்ளைகள் தலையெடுத்து, ஓய்வுக்கு மூன்று நான்கு வருடம் இருக்கும் கேப்டனுக்கு கம்யூட்டிங் ஒப்பந்தம் நல்ல முடிவாகவே இருக்கலாம். இழக்க அவரிடம் சீனியாரிட்டி இல்லை, மாட்டிக்கொள்ள மகளின் பத்தாம் வகுப்பு இல்லை.

நாற்பத்தைந்து வயதுக்காரரின் கணக்கு வேறு. அவருக்கு இன்னும் 20 வருட வாழ்க்கை இருக்கிறது (65 வயது வரை பறக்க சர்வதேச விதி 2006 முதல் அனுமதிக்கிறது). அவர் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை இவை. முதலாளி விமான நிறுவனமா, ஏஜென்சியா? பேஸ் ஊரின் பெயர் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா, அல்லது கம்பெனி நினைத்தால் மாற்றும் 'கொள்கை' மட்டுமா? எந்த நாட்டுச் சட்டம்? மெடிக்கலில் தோற்று லைசென்ஸ் போனால் வீட்டுக்கு என்ன வரும்? 'வரி இல்லை' என்பது சொந்த நாட்டு வரித்துறைக்கும் தெரியுமா? அமெரிக்கக் குடிமகன் எங்கே இருந்தாலும் அமெரிக்காவுக்கு வரிக் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டு வருமானத்துக்கு அங்கே சலுகை உண்டு, ஆனால் சர்வதேசக் கடலுக்கு மேலே பறந்து சம்பாதித்த பணம் அந்தச் சலுகைக்குள் வராது. பசிபிக்கைத் தாண்டிப் பறக்கும் விமானியின் கணக்கில் இது சின்னத் தொகையா என்ன?

இவற்றுக்கு நல்ல பதில் உள்ள வேலையில் மாதம் சில ஆயிரம் டாலர் குறைந்தால் குறையட்டும். அந்தக் குறையும் பணத்தில்தான் சொந்த ஊர்ச் சட்டத்தை அவர் வாங்குகிறார். பதில் இல்லாத வேலையில் கூடுதலாக வரும் பணம், எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பப்படலாம் என்பதற்கான முன்பணம்.

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். இந்த வேலை இக்கரையில் நின்றுகொண்டே அக்கரைச் சம்பளம் என்று ஆசை காட்டுகிறது. நிற்கிற கரை யாருடைய பட்டாவில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு பிரிஸ்பேன் கேப்டன் கையெழுத்துப் போட்டால், மகள் நிம்மதியாகப் பரீட்சை எழுதுவாள்.