உழைப்பவர் உடலும் கருவியின் அளவும்
(ஒரு விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதுவது)

எருது பூட்டி உழுத காலத்தில் மாட்டின் கழுத்தில் புண் கண்டால் எந்தக் குடியானவரும் மாட்டை நொந்துகொண்டதில்லை. நுகத்தடியைக் கழற்றித் தடவிப் பார்ப்பார். முரடாயிருந்தால் தச்சனிடம் கொடுத்து இழைப்பிப்பார். ஜோடியில் ஒன்று குட்டையாயின் அதற்குத் தக்கபடி பூட்டாங்கயிற்றை மாற்றிக் கட்டுவார். மிருகத்தின் உடம்புக்கு இசையக் கருவி அமையவேண்டும் என்னும் இந்த ஞானம் நம் முன்னோர்க்கு யாரும் பாடசாலை வைத்துப் போதித்ததன்று. ஆயினும் அதே குடியானவர், களை எடுக்கும் பெண்பிள்ளை மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்காரக் கண்டால், "இக்காலத்து ஆட்களுக்கு உடம்பு வணங்குவதில்லை" என்று சொல்லிவிடுகிறார். இலாகாவைச் சேர்ந்த நானும் பல வருஷங்கள் அப்படியே சொல்லிவந்தேன். அது பிழை என்பதையும், அப்பிழை நீங்க இலாகா உத்தியோகஸ்தர்களும் நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் ஒரு தனிப் பயிற்சி பெறுவது அவசியம் என்பதையும் எடுத்துரைப்பதே இவ்வியாசத்தின் நோக்கம்.

என் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹென்றி தெ லொலானியே என்னும் பாதிரியார் மடகாஸ்கர் தீவில் 1983-ஆம் வருஷத்தையொட்டிக் கண்ட நெல் சாகுபடி முறை, 2000-ஆம் வருஷத்துக்குப் பின் தமிழ்நாட்டில் செம்மை நெல் சாகுபடி என்னும் பெயரால் பரவலாயிற்று. இளநாற்றை ஒற்றையாக, 25 சென்டிமீட்டர் சதுரத்தில் நட்டு, நட்ட பத்தாம் நாள் முதல் பத்து நாளுக்கொரு முறை உருளைக் களைக்கருவியை இரு திசையிலும் ஓட்டவேண்டும் என்பது அதன் விதி. 2008-ல் ஒரு கிராமத்தில் இக்கருவியை நானே வயலில் இறங்கி ஓட்டிக் காட்டினேன். என் உயரம் 175 சென்டிமீட்டர். கால்மணி நேரம் ஓட்டினேன். வரப்பில் நின்ற மிராசுதார்கள் மெச்சினார்கள். கருவிகளைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினேன். மூன்று வாரம் கழித்துச் சென்றபோது அவை மாட்டுக் கொட்டகையில் சாத்தப்பட்டிருந்தன. பெண்கள் முன்போலவே குனிந்து கையால் களை பறித்துக்கொண்டிருந்தார்கள். "வேலையாட்களின் அறியாமையால் ஏற்கப்படவில்லை" என்று டைரியில் எழுதிக் கையெழுத்திட்டேன்.

புறப்படும் சமயத்தில், அவர்களுள் வயதான ஓர் அம்மாள் சேற்றுக் காலுடன் வந்து, "ஐயா, தள்ளும்போது பிடி உங்களுக்கு இடுப்புக்கு மேலே நிற்கிறது, எங்களுக்கு நெஞ்சில் வந்து இடிக்கிறது. நீங்கள் நாலு வரிசை ஓட்டினீர்கள். நாங்கள் பொழுதுக்கும் ஓட்டவேண்டுமே!" என்றார். அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர். 25 சென்டிமீட்டருக்கு ஒரு வரிசையானால், ஒரு திசையில் மட்டும் ஓட்டி முடிக்கச் சேற்றில் 16 கிலோமீட்டர் நடக்கவேண்டும். இரு திசைக்கு 32. அதுவும் வெறும் நடையன்று. ஏறக்குறைய ஆறு கிலோ எடையுள்ள கருவியை முன்னுக்குத் தள்ளிப் பின்னுக்கு இழுத்துச் செல்லும் நடை. கால்மணி நேரம் செய்துகாட்டிய நான் ஒரு கிலோமீட்டர்கூடச் சென்றிருக்கமாட்டேன். டைரியில் எழுதிய அறியாமை என்னும் சொல் யாரைக் குறிப்பது என்பது அப்போது விளங்கிற்று.

தள்ளுகிற கருவியின் பிடி, நிற்பவரின் முழங்கை மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ அமைவது நலம். என் முழங்கை தரையிலிருந்து 110 சென்டிமீட்டர்; அந்த அம்மாளுக்கு 95-க்குள் இருக்கும். மார்பளவில் பிடித்துத் தள்ளுபவர் உடம்பின் பாரத்தைக் கருவியின்மேல் செலுத்த இயலாமல், தோளின் பலம் ஒன்றினாலேயே தள்ளவேண்டியதாகிறது. தோள் சீக்கிரம் சோர்ந்துவிடும். மறு போகத்தில் கொல்லரைக் கொண்டு பிடிக்குழாயில் 15 சென்டிமீட்டர் அறுத்தேன். குழாய் சாய்ந்து நிற்பதால் உயரம் 11 அல்லது 12 சென்டிமீட்டர்தான் குறைந்தது. அதுவே போதுமானதாயிற்று. ஆனால் அவசரத்தில் எல்லாக் கருவிகளையும் ஒரே அளவாக அறுத்துவிட்டேன். பின்னர் அவ்வீட்டு ஆண்மக்கள் ஓட்ட வந்து முதுகு வளைந்து நின்றார்கள். குழாய்க்குள் குழாய் செருகி, மூன்று துளையிட்டு, மறையாணியால் நிறுத்துவதே சரியான வழி என்பது இரண்டாம் முறை தப்பியபின் கற்றது.

நான் இப்படி இடறி விழுந்து கற்றதை முறையாகக் கற்பிக்கும் சாஸ்திரம் ஒன்று உண்டு. எர்கனாமிக்ஸ் என்பது அதன் பெயர். தமிழில் பணிச்சூழலியல் என வழங்குகின்றனர். கிரேக்க மொழியில் எர்கன் என்றால் வேலை, நோமாஸ் என்றால் விதி. 1857-ல் இப்பெயரை முதன்முதல் இட்டவர் போலந்து தேசத்து வோய்சியெக் யஸ்த்ஷெம்போவ்ஸ்கி என்பவர். அவர் எந்திரசாலைக்காரர் அல்லர். வார்ஸாவை அடுத்த மாரிமோண்ட் என்னும் இடத்தில் இருந்த விவசாயக் கலாசாலையில் ஆசிரியர். ஆகவே இது நம் தொழிலைச் சேர்ந்தவர் ஒருவர் பெயரிட்ட சாஸ்திரம் என்று நாம் சற்றுப் பெருமையும் கொள்ளலாம்.

இச்சாஸ்திரம் தொழிலாக வளர்ந்தது இரண்டாம் உலக யுத்தத்தின்போது. அமெரிக்காவின் பி-17 விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பின்னர், விமானியே சக்கரங்களை மடக்கிவிட, விமானம் வயிற்றால் தரையில் உராய்ந்து சேதமாகும் விபத்து பலமுறை நேர்ந்தது. விமானியின் தவறு என்றே எழுதிவந்தார்கள். 1943-ல் ஆல்போன்ஸ் சபானிஸ் என்னும் மனோதத்துவ நிபுணர் சென்று பார்க்கையில், சக்கரத்தை மடக்கும் பிடியும் இறக்கையின் மடிப்பை இயக்கும் பிடியும் அருகருகே ஒரே மாதிரியாக இருக்கக் கண்டார். முன்னதற்கு ஒரு சிறு ரப்பர்ச் சக்கரத்தையும், பின்னதற்கு ஓர் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் செய்தார். விபத்து நின்றது. விமானிகளுக்குப் புத்திமதி எதுவும் கூறப்படவில்லை.

வயல்வெளியிலும் இதற்குத் திருஷ்டாந்தம் உண்டு. கலிபோர்னியாவில் கீரை, கிழங்குத் தோட்டங்களில் கூலியாட்கள் ஓரடி நீளப் பிடியுள்ள குட்டைக் களைக்கொத்தைக் கொண்டு நாள் முழுதும் இரட்டையாக மடிந்து வேலை செய்தார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயரே 'குட்டையன்' என்று பொருள்படும் ஸ்பானியச் சொல். நெடும்பிடி கொடுத்தால் நாற்று வெட்டுப்படும், விளைச்சல் கெடும் என்று தோட்டக்காரர்கள் வாதித்தார்கள். குட்டைக் கொத்தானால் நிமிர்ந்து நிற்பவனைத் தூரத்திலிருந்தே மேஸ்திரி கண்டுகொள்ளலாம் என்பதும் ஒரு சௌகரியம். முதுகெலும்பு நாசமானதற்கு வைத்தியர்கள் சாட்சி சொல்ல, வழக்கு அம்மாநிலத்தின் உச்ச நீதிமன்றம்வரை சென்று 1975-ல் தீர்ப்பாகி, அக்கருவி தடை செய்யப்பட்டது. அங்கே கீரைச் சாகுபடி அழிந்துபோகவில்லை; நெடும்பிடிக் கொத்தால் நடந்துவருகிறது. நமது புஞ்சைகளில் நிலக்கடலைக்குக் களை வெட்டும் பெண்கள் கையில் இன்றைக்கும் இருப்பது ஒரு சாண் பிடியுள்ள களைக்கொத்துத்தானே!

நம் தேசத்தில் இத்துறையில் ஆராய்ச்சி இல்லை என்று எவரும் எண்ணவேண்டாம். போபாலிலுள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் பல மாநிலங்களில் 12,000-க்கு மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களின் உடலை அளந்து, அவ்விவரங்களை 2009-ல் நூலாக வெளியிட்டது. ஆண்களின் சராசரி உயரம் சுமார் 163 சென்டிமீட்டர்; பெண்களுக்குச் சுமார் 151. கோயம்புத்தூரிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இவ்வாராய்ச்சித் திட்டத்தில் பங்குகொண்டது. குறை, அவ்வளவுகள் அலமாரியிலிருந்து வயலுக்கு வரும் வழியில் பயிற்சி பெற்ற ஆள் இல்லாமையே. நான் டிப்ளமா படிக்கையில் மாட்டின் வயதைப் பல்லைப் பிடித்து அறியக் கற்றேன்; மண்ணை விரலால் தேய்த்து இனம் சொல்லக் கற்றேன். மனிதனின் முழங்கை உயரத்தை அளக்கச் சொன்னவர் ஒருவரும் இலர்.

இப்பயிற்சி பெரிய கட்டடத்தில் திரை கட்டிப் படம் காட்டி மூன்று நாளில் முடித்துச் சான்றிதழ் வழங்கும் பயிற்சியாக இருந்தால் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது என் துணிபு. கற்பவர் முதலில் தாமே அரை நாள் நடவு நட்டு, அரை நாள் களைக்கருவி ஓட்டவேண்டும். பிறகு வேலை செய்பவரின் நாடியை எண்ணக் கற்கவேண்டும். ஆளை நிறுத்திய உடனே மணிக்கட்டில் விரல் வைத்துப் பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் நிமிஷத்துக்கு இத்தனை என்று கிடைக்கும். இந்தியத் தொழிலாளர்களைக் கொண்டு செய்து 1979-ல் வெளியான ஆராய்ச்சி, நாள் முழுதும் தாங்கக்கூடிய வேலைக்கு நாடி சுமார் 110-ஐத் தாண்டலாகாது என்று வரையறுத்தது. அதற்கு மேல் ஓடினால் இடையிடையே ஓய்வு தரவேண்டும். இல்லையேல் கருவியை மாற்றவேண்டும். இதற்குச் செலவு ஒரு கைக்கடிகாரம்.

அளவெடுப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சராசரி மனிதனுக்கென்று செய்த கருவி பெரும்பாலோர்க்குப் பொருந்தாமல் போகும். கை எட்டவேண்டியவற்றைக் கூட்டத்தில் குட்டையானவருக்கும், உடல் நுழையவேண்டியவற்றைப் பருத்தவருக்கும், எட்டவே கூடாதவற்றை மிக நீண்ட கையுடையவருக்கும் அளக்கவேண்டும். மூன்றாவது விதியில்தான் உயிர்ச்சேதமும் அங்கச்சேதமும் அடங்கியிருக்கின்றன. கதிரடிக்கும் யந்திரங்களில் கை இழந்தோர் பெருகியதால் 1983-ல் அபாயகரமான யந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. கதிர் ஊட்டும் தொட்டி குறைந்தது 90 சென்டிமீட்டர் நீளமும், அதில் உருளையை ஒட்டிய 45 சென்டிமீட்டர் மேல்மூடியும் உடையதாயிருத்தல் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். கை உருளையை எட்டாதிருக்கும்படி வகுத்த அளவு அது. வாடகைக்கு வரும் யந்திரங்களில் இம்மூடியை, வேலை தாமதமாகிறதென்று கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்விடத்தில் கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. கை போனவருக்கு நிவாரணம் கோரும் காகிதங்கள் தங்கள் மூலமாகவே செல்லுகின்றன. 'கவனக்குறைவால் நேர்ந்தது' என்னும் தொடரை நாம் எழுதிப் பழகிவிட்டோம், எழுதுவதும் சுலபம். அத்துடன் அவ்விஷயம் முடிந்துபோகிறது. அடுத்த போகத்தில் அதே யந்திரம் அடுத்த களத்துக்குச் செல்லுகிறது. அத்தொடருக்குப் பதிலாக, தொட்டியின் நீளம் எவ்வளவு, மூடி இருந்ததா, எத்தனை மணி நேரமாக அவர் ஊட்டிக்கொண்டிருந்தார், விளக்கு இருந்ததா என்ற நான்கையும் எழுதினால், கவனம் குறைந்தது யாருக்கு என்பது மேலிடத்துக்குத் தெரியவரும். இப்படிப் பார்க்கும் கண்ணை அளிப்பதே நான் வேண்டும் பயிற்சி.

மிராசுதார்களுள் சிலர், "கூலி கொடுப்பவன் நான், சௌகரியம் மட்டும் ஆளுக்கோ?" என்று கேட்கக்கூடும். நாடி 130 ஓடும் ஆள் பத்து மணிக்கு மேல் வரிசையைத் தாண்டித் தாண்டி ஓட்டுவார். தங்கிய களைக்கு மறுபடியும் கூலி கொடுப்பது தாங்களே. ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட இந்நாளில், யார் வயலில் இடுப்பு நோகாது என்று பார்த்தே பெண்கள் வேலைக்கு இசைகிறார்கள். அதிலும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. முதலாளிக்கு லாபம் என்று காட்டினால்தான் ஒருவருடைய முதுகைக் காப்பது நியாயமாகுமா? நுகத்தடியை இழைப்பித்தவர் லாபக் கணக்கைப் பார்த்தபிறகு இழைப்பிக்கவில்லை. சர்க்காரும் இதில் விலக்கல்ல: யூரியா மூட்டை 2018-ல் 50 கிலோவிலிருந்து 45 ஆகக் குறைந்தது, சுமப்பவர் தோளை எண்ணியன்று, உரச் செலவு குறையட்டும் என்றுதான்.

யந்திரங்கள் வந்துவிட்டால் இக்கவலையே எழாது என்போரும் உண்டு. டிராக்டர் ஆசனத்தில் ஒரு பருவம் உட்கார்ந்து உழுதவரின் நடுமுதுகையும், மோட்டார் களையெடுப்பானைப் பிடித்தவரின் மரத்துப்போன விரல்களையும் அவர்கள் விசாரிக்கவேண்டும்.

இலாகா எப்போது இப்பயிற்சியை ஏற்படுத்துமென்று நான் சொல்லக்கூடவில்லை, எழுதிக் கேட்டிருக்கிறேன். அதுவரையில் என் டிப்போவில் ஓர் அளவு நாடாவும், ரம்பமும், துளையிடும் கருவியும் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலைகளில் அங்கிருப்பேன். களைக்கருவி வைத்திருப்போர் அதைக் கொண்டுவரலாம். கருவியை ஓட்டும் பெண்பிள்ளைகளில் ஒருவரையாவது, அன்றைய கூலியைக் கொடுத்து, உடன் அழைத்து வரவேண்டும். அவரில்லாமல் கருவியை மட்டும் அனுப்பினால் நான் தொடுவதற்கில்லை.