அல்லூரா, ஆறா? வரைபடத்தில் வகை மாறும் தண்ணீர்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அல்லூர் எது, ஆறு எது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அல்லூரைத் தாண்டிக் குதிக்கலாம். ஆற்றுக்குப் பாலம் வேண்டும். 2004-இல் தொடங்கி, தன்னார்வலர்கள் வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்தநிலை வரைபடமும் ஏறக்குறைய இதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. திடமான ஒருவர் குதித்துத் தாண்டினால் ஓடை, இல்லையேல் ஆறு. மனிதர் வெட்டியவற்றுக்குக் கால்வாய், வடிகால், பள்ளம் எனத் தனித்தனி வகைகள் உண்டு.

அரசாங்கத் தரவை மொத்தமாக இந்த வரைபடத்தில் ஏற்றும்போதுதான் சிக்கல் வருகிறது. அமெரிக்காவின் தேசிய நீரியல் தரவுத் தொகுப்பில் ஓடையும் ஆறும் ஒரே வகை. கால்வாயும் பள்ளமும் ஒரே வகை. ஏரிகளின் நடுவே, நீரோட்டத்தைக் கணக்கிடுவதற்காகவே வரைந்த கோடுகளும் அதில் உள்ளன. நீரியல் ஆய்வுக்கு அது போதும். ஆனால், அப்படியே ஏற்றினால் வயலோரப் பள்ளம்கூடக் கால்வாயாகிவிடும். மழைக்கு மட்டும் ஓடும் ஓடைகளுக்கு அதில் தனிக் குறியீடு இருக்கிறது. அது விடுபட்டால், பாலைவனத்தில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடுவதாக வரைபடம் காட்டும்.

சிங்கப்பூரின் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாய், 2012-இல் 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறானது. பழைய தரவை இன்று ஏற்றினால் கால்வாய் திரும்ப வந்துவிடும்.

நம் நாட்டில் பெயரே ஏமாற்றும். கிள்ளான் ஆறும் 'சுங்கை'தான், வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையும் 'சுங்கை'தான். ஈய லம்பத்தில் உருவான தைப்பிங் ஏரியை 'தாசேக்' என்கிறோம். அதே மாதிரியான இன்னொரு ஈயக் குட்டைக்குப் பெயரே இருக்காது.

இவற்றையெல்லாம்விடக் கவலை தருவது வெள்ளத் தேக்கக் குளம். வெயில் காலத்தில் அது புல்வெளி. பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். அதற்கென்று ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தனி வகை இருந்தும், தரவை ஏற்றுபவர் அதை வெறும் புல்தரை என்று பதிந்துவிட்டால், பக்கத்தில் வீடு வாங்க வருபவருக்கு அது காலி நிலம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு, தண்ணீர் எங்கே தேங்கும் என்பது வெறும் வரைபடக் கேள்வி அல்ல. வெளியூரிலிருந்து படகோடு உதவ வருபவருக்கும் கைப்பேசியில் தெரியும் கோடுதானே வழிகாட்டி?

அரசாங்கத் தரவு வேண்டாம் என்பதல்ல வாதம். அதன் அளவீட்டுத் துல்லியம் தன்னார்வலர்களுக்கு எளிதில் கிடைக்காது. துறையின் குறியீட்டை அழிக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வகையை மட்டும் இடத்தைத் தெரிந்தவர் முடிவுசெய்வதே சரியான வழி. வேகம் குறையும், குறையட்டும். தோட்டம் போய்த் தாமான் வந்த இடங்களில் பழைய அல்லூர் எந்த வரிசை வீடுகளுக்கு அடியில் போகிறது என்பது, அங்கே பால்மரம் சீவியவர்களுக்குத்தான் தெரியும். அவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல்.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்கு தொடங்கக் கட்டணமில்லை. தாத்தா கைகாட்டும் இடத்தைப் பேரப்பிள்ளை கைப்பேசியிலேயே திருத்திவிடலாம்.