ஊர் மாறுமுன் ஒரு கணக்கு

அறுவடை முடிந்து, தறிகளுக்கும் பாவு குறைந்திருக்கும் நாட்களில் தாடிக்கொம்பிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஒரு பேச்சு எழுவதுண்டு. "குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டால் என்ன?" என்பதே அப்பேச்சு. அங்கே பனியன் கம்பெனிகளில் கணவன், மனைவி இருவருக்கும் வேலை கிடைக்கிறது. வாரம் தவறாமல் கூலி கைக்கு வருகிறது என்று போனவர்கள் வந்து சொல்கிறார்கள். இவ்வாறு எண்ணுவதில் குற்றம் ஏதுமில்லை. ஆயினும், கூலியை மட்டும் பார்த்து ஊர் மாறத் துணிவது பெரும் இடருக்கு வழி செய்யும் என்பது நமது கருத்து.

ஊருக்கு ஊர் வாழ்க்கைச் செலவு வேறுபடும் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு வீட்டு வாடகைப் படி அளிப்பதற்காக, மக்கள் தொகையை ஒட்டி ஊர்களை மூன்று வகுப்புகளாகப் பிரித்துள்ளது. அவ்வரிசையில் திருப்பூர் இரண்டாம் வகுப்பிலும் திண்டுக்கல் மூன்றாம் வகுப்பிலும் வைக்கப்பட்டன. 2024 ஜனவரி முதல் அடிப்படைச் சம்பளத்தில் இரண்டாம் வகுப்பு நகரங்களுக்கு 100-க்கு 20-ம், மூன்றாம் வகுப்பு ஊர்களுக்கு 100-க்கு 10-ம் படியாக வழங்கப்பட்டது. ஆகவே, திண்டுக்கல்லிலிருந்து திருப்பூருக்கு மாற்றப்படும் ஊழியருக்கு அதற்கேற்ற படி உயர்ந்து வந்தது. தறியை நிறுத்திவிட்டுப் புறப்படும் நெசவாளிக்கு அத்தகைய படி தருவார் யார்? தம் படியைத் தாமே கணக்கிட்டுக் கொள்ளவேண்டிய நிலையில் அவர் இருக்கிறார்.

விலைவாசிக் குறியீட்டெண்ணைக் கொண்டு இரு ஊர்களை ஒப்பிடலாகாதா எனச் சிலர் கேட்கலாம். 2016-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு 2020-ல் தொடங்கிய தொழிலாளர் குறியீட்டெண் வரிசை நாடெங்கும் 88 மையங்களில் கணிக்கப்பட்டது. மதுரையும் கோயமுத்தூரும் அவற்றுள் அடங்கும். ஆனால் 2016-ல் மதுரைக்கும் எண் 100, கோயமுத்தூருக்கும் எண் 100. பிற்பாடு ஓர் ஊரின் எண் 140 என்றும் மற்றதன் எண் 150 என்றும் ஆனால், எங்கே விலை வேகமாக ஏறியது என்பது விளங்குமேயன்றி, எந்த ஊரில் செலவு அதிகம் என்பது விளங்காது. இரண்டு பிள்ளைகள் ஓராண்டில் எத்தனை விரற்கடை வளர்ந்தார்கள் என்று அளந்து, இருவரில் உயரமானவன் இவன் என்று சொல்ல முடியுமா? இதுவும் அவ்வாறே.

ஆதலின், கணக்கை வீட்டிலிருந்தே தொடங்கவேண்டும். முதலில், இரண்டு ஊர்களிலும் ஒன்றாக இருப்பவற்றைத் தள்ளிவிடலாம். ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் மாநிலம் முழுவதும் விலையின்றி வழங்கப்பட்டது. 2020 அக்டோபர் முதல் மாநிலத்தில் எந்த நியாயவிலைக் கடையிலும் அட்டையைக் காட்டிப் பொருள் பெற வழி செய்யப்பட்டது. எனவே ரேஷனைப் பற்றிய கவலை பெரிதில்லை.

வேறுபடுபவை வாடகை, மின்சாரம், தண்ணீர், பால், காய்கறி, ஊர்ப் போக்குவரத்து ஆகியனவாம். சொந்த வீட்டில் கைத்தறி நெய்பவருக்கு இரு மாதங்களுக்கு 300 யூனிட் வரையிலும், விசைத்தறியாளருக்கு 1,000 யூனிட் வரையிலும் கட்டணமில்லை என 2023-ல் அறிவிக்கப்பட்டது. தறியை விட்டால் அந்தச் சலுகையும் போகும். கொல்லையில் பறித்த முருங்கைக் கீரையையும் அங்கே காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும்.

உதாரணமாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இங்கே இருவரின் உழைப்பால் மாதம் ரூ. 14,000 வருகிறது, அங்கே ரூ. 24,000 வரும் என்று வைத்துக்கொள்வோம். பார்வைக்கு ரூ. 10,000 அதிகம். இதில் வாடகை ரூ. 5,500, மின்சாரமும் தண்ணீரும் ரூ. 900, பால், காய்கறி வகையில் கூடுதல் ரூ. 1,200, பெற்றோரைப் பார்க்கவும் நல்லது கெட்டதுக்கும் வந்துபோக ரூ. 1,000. ஆக ரூ. 8,600 கழிந்து, மிஞ்சுவது ரூ. 1,400. ஒரு மாதத்தில் ஒரு வாரம் வேலை நின்றால் ரூ. 6,000 குறையும், அந்த மாதம் ரூ. 4,600 கைப்பிடித்தம் ஆகும். வீட்டுக்காரரிடம் முடங்கிக் கிடக்கும் முன்பணத்தை நாம் இதில் சேர்க்கவுமில்லை.

வேலை நிற்பது வீண் அச்சமென்று கருதவேண்டாம். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற ஆணையால் திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளின்மீது வரியை 100-க்கு 50 ஆக்கியபோது ஏற்றுமதி ஆர்டர்கள் தடைப்பட்டன. பனிரண்டு மாதமும் முழுக் கூலி என்று எழுதும் கணக்கு பாதிக் கணக்கேயாகும்.

போகவேண்டாம் என்று தடுப்பது நம் நோக்கமன்று. இங்கும் வாடகை வீட்டிலேயே இருப்பவர், நிலமும் தறியும் இல்லாதவர், புதுத் தொழில் கற்க விரும்பும் இளைஞர் ஆகியோருக்கு அந்த ஊர் நன்மை செய்யலாம். அவர்களும் வீட்டில் ஒருவரை முன்னே அனுப்பி, மூன்று மாத வரவு செலவை ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தபின் மற்றவர்களை அழைத்துக்கொள்வது நலம். வாடகை விவரத்தை ஆள் சேர்க்க வருபவரிடம் கேளாமல், அங்கே குடியிருப்பவரிடம் கேட்டறிக. அதுவரை தறியை விற்கவோ, சங்க அங்கத்தினர் உரிமையை விடவோ வேண்டாம்.

நமது சங்கங்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. 1844-ல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தில் நெசவாளர்கள் உள்ளிட்ட 28 பேர் கூடிக் கடை வைத்தது, சொற்பக் கூலிக்குச் சுத்தமான பண்டம் கிடைக்கவேண்டும் என்பதற்காகவே. செலவைக் குறைப்பதும் கூலி உயர்வே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். மேலே கண்ட குடும்பம் ஊரையும் உறவையும் விட்டுப் பெறப்போவது மாதம் ரூ. 1,400. இடைவிடாமல் பாவு கொடுத்து, கூலியை நாள் தவறாமல் பட்டுவாடா செய்து, விளைபொருளுக்கு நியாயமான விலை பெற்றுத் தந்தால், அந்த ரூ. 1,400-ஐ இந்த மண்ணிலேயே அவர்கள் கையில் சேர்க்க முடியாதா? ஒவ்வொரு சங்க நிர்வாகக் குழுவும் இக்கேள்வியைத் தன் அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.